கறுப்பினக் கல்லூரிகளில் இடைநிற்றல்: வளாகச் சூழலின் பங்கு என்ன?

கேள்வி (கல்வியியல் மாணவி):
அமெரிக்காவில் 1964க்கு முன் கறுப்பின மக்களின் கல்விக்கென்றே நிறுவப்பட்ட கல்லூரிகளைப் பற்றி ஆய்வேடு எழுதுகிறேன். படிப்போடும் கல்லூரிச் சமூகத்தோடும் ஒட்டிப்போகும் மாணவர் இடையில் நிற்பது குறைவு என்பது கல்வி ஆய்வாளர் வின்சென்ட் டின்டோ 1975இல் முன்வைத்த கருத்து. அந்த ஒட்டுதலுக்குப் பெயர்பெற்ற இக்கல்லூரிகள் பலவற்றில், முதலாண்டு முடிந்ததும் கணிசமானோர் திரும்பி வராதது ஏன்?

பழைய விரிவுரையாளர்:
ஒட்டுதல் என்பதை வெறும் அன்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இக்கல்லூரிகளில் ஒன்றான, நியூ ஆர்லியன்ஸிலுள்ள சேவியர் பல்கலைக்கழகம் அளவில் சிறியதாயினும், மருத்துவக் கல்லூரிகளுக்குக் கறுப்பினப் பட்டதாரிகளை அனுப்புவதில் நெடுங்காலமாக முன்வரிசையில் நிற்கிறது. சேர்வதற்கு முன்பே கோடை வகுப்பு, குழுவாக அமர்ந்து படிக்கும் பழக்கம், சறுக்குபவரைத் தொடக்கத்திலேயே கண்டுகொள்ளும் ஆசிரியர்கள் என்று அங்கே பரிவு பாடத்திட்டத்துக்குள்ளேயே இருக்கிறது.

கணக்கர்:
ஐயா சொல்வது சரி. ஆனால் கூரையையும் கட்டண ரசீதையும் விட்டுவிட்டுச் சூழலைப் பேச முடியாது. 2021 அக்டோபரில், வாஷிங்டனிலுள்ள கறுப்பினப் பல்கலைக்கழகமான ஹோவர்டின் மாணவர்கள் விடுதி அறைகளின் பூஞ்சையையும் எலித் தொல்லையையும் எதிர்த்து, பிளாக்பர்ன் என்னும் மாணவர் மையத்துக்குள்ளும் வெளியே கூடாரங்களிலுமாக ஒரு மாதத்துக்கு மேல் தங்கிப் போராடினார்கள். அவர்களுக்குக் கல்லூரி மீது பற்றில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. அரசு நிலக்கொடைக் கல்லூரிகளின் (மத்திய அரசின் நில, நிதிக் கொடையால் ஆதரிக்கப்பட்ட கல்லூரிகள்) நிலையோ இன்னும் மோசம்: 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்த கறுப்பினக் கல்லூரிகளான இவற்றுக்கு மாநிலங்கள் உரிய பங்கைத் தரவில்லை என்று 2023இல் மத்திய அரசு 16 மாநில ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதியது. டென்னசி மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கே முப்பதாண்டுகளில் ஏறத்தாழ 210 கோடி டாலர் குறைந்திருந்ததாம். வீட்டில் கைகொடுக்க ஆளில்லாத பிள்ளைக்குச் சில நூறு டாலர் நிலுவை விழுந்தாலே அடுத்த பருவத்துக்குப் பதிவு செய்ய முடியாமல் போகலாம். அந்தப் பிள்ளையும் உங்கள் புள்ளிவிவரத்தில் 'ஒட்டாதவர்' கணக்கில்தான் சேரும்.

பழைய விரிவுரையாளர்:
மறுக்கவில்லை. ஒப்பிடும்போது மட்டும் கவனம் தேவை. தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் ஸ்பெல்மன் மகளிர் கல்லூரியையும், கதவைத் தட்டும் பெரும்பாலோரைச் சேர்த்துக்கொள்ளும் சிறு கல்லூரியையும் ஒரே அட்டவணையில் வைத்தால், நீங்கள் அளப்பது வளாகத்தை அல்ல, உள்ளே வந்தவர்களின் குடும்ப வருமானத்தை. குறைந்த வருமானக் குடும்பத்து மாணவர்களுக்கு மத்திய அரசு தரும் பெல் உதவித்தொகையைப் பெறுவோரைத் தனியே பிரித்துப் பாருங்கள்.

கல்வியியல் மாணவி:
இருவருக்கும் நன்றி. என் வினாப்பட்டியலில் நண்பர்கள், ஆசிரியர்கள், விழாக்கள் பற்றி இருபது கேள்விகள் இருக்கின்றன; விடுதியைப் பற்றியும் நிலுவையைப் பற்றியும் ஒன்றுகூட இல்லை. வழிகாட்டியிடம் கொடுக்குமுன் மாற்றிவிடுகிறேன்.