கூழாங்கல்லை விழுங்கும் நாய்க்குட்டி, என்ன செய்வது?

கேள்வி:
எங்கள் 5 மாதக் குட்டியைத் தோட்டத்தில் விட்டால் போதும், கூழாங்கல்லைக் கவ்விக்கொள்கிறது. நான் பதறிப்போய் ஓடினால் அப்படியே விழுங்கிவிடுகிறது. நேற்று ஒன்று உள்ளே போய்விட்டது.

பதில் 1:
துரத்தாதீர்கள். பிடுங்க வருகிறீர்கள் என்றுதான் அவசரமாக விழுங்குகிறது. 'விடு' என்று சொல்லுங்கள், கல்லைக் கீழே போட்டதும் பிடித்த தீனி ஒன்றைக் கொடுங்கள், பழகிவிடும்.

பதில் 2:
அதெல்லாம் அப்புறம். முதலில் கால்நடை மருத்துவருக்கு போன் போடுங்கள். வாந்தி எடுத்தாலோ, சாப்பிடாமல் சுருண்டு கிடந்தாலோ, மலம் போக முக்கினாலோ குடல் அடைத்திருக்கலாம், ராத்திரியானாலும் காத்திருக்க வேண்டாம். நீங்களாக உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள், அந்த உப்பே விஷமாகிவிடும்.

பதில் 3:
நான் கூடை மாதிரி வாய்ப்பூட்டு போட்டுத்தான் வெளியே விடுகிறேன், வாயைத் திறந்து மூச்சு விடலாம், தண்ணீரும் குடிக்கலாம். தோட்டத்தில் நத்தையைக் கொல்லும் மருந்து தூவியிருந்தால் அதையும் கவனியுங்கள், அது கல்லைவிட மோசம்.

கேள்வி கேட்டவர்:
போன் செய்தேன். எக்ஸ்ரே எடுக்க வரச் சொன்னார்கள், கிளம்புகிறோம்.