ரெட்ஃபிஷ் கண்ணில் படுகிறது, ஃப்ளை போய்ச் சேருவதற்குள் ஓடிவிடுகிறது. எதைச் சரிசெய்வது?

குளத்துக்காரன்:

டெக்சாஸ் கடற்கரையில் ஃப்ளை ராடு வைத்து (தூண்டில் முள்ளில் இறகு, நூல் கட்டின போலி இரைதான் ஃப்ளை) ரெட்ஃபிஷ் பிடிப்பவர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா? எனக்கு இதுவரை நன்னீரில்தான் பழக்கம், குளத்து பாஸ், மலையாற்று ட்ரவுட், அவ்வளவுதான். இப்போது அரான்சாஸ் பாஸ் ஊர்ப் பக்கம் லைட்ஹவுஸ் லேக்ஸ் என்கிற ஏரிகளில் கயாக்கை ஓரமாகக் கட்டிவிட்டு முழங்கால் தண்ணீரில் நடந்து தேடுகிறேன். ராடு 9 அடி, 8 வெயிட் (எந்தக் கனத்து லைனுக்கு என்கிற எண்), மிதக்கும் லைன், அதன் நுனியில் ஃப்ளை கட்ட 16 பவுண்டு தாங்குகிற மெல்லிய நரம்பு, அதாவது லீடர். சாமானில் குறை இருப்பதாகத் தெரியவில்லை.

பிரச்சினை இதுதான். பாதி நேரம் மீனே தெரிவதில்லை, காலடியிலிருந்து சேற்றைக் கிளப்பிக்கொண்டு பாயும்போதுதான் அங்கே ஒன்று நின்றிருந்ததே தெரிகிறது. வாலைத் தூக்கிக்கொண்டு மேய்கிற மீன் என்றால் தெரிகிறது, ஆனால் நான் லைனை உருவி, முன்னும் பின்னும் மூன்று நான்கு தடவை ஆட்டி, விடுவதற்குள் வால் இறங்கிவிடும். தலைமேல் போய் விழுந்தால் அலறியடித்து ஓடுகிறது, தள்ளி விழுந்தால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இதற்கு நடுவில் மதியத்துக்கு மேல் தென்கிழக்குக் காற்று வேறு.

எதை முதலில் கவனிக்கலாம்? இன்னும் தூரம் எறியப் பழகவேண்டுமா, இல்லை ஃப்ளையை மாற்றவேண்டுமா?

உப்பங்கழி:

இரண்டும் வேண்டாம். முதலில் கண்ணைப் பழக்குங்கள், மற்றதெல்லாம் அதற்கப்புறம்தான்.

பேரைக் கேட்டுவிட்டுச் சிவப்பாக எதையோ தேடினால் ஒன்றும் கிடைக்காது. கடற்புல்லுக்கு மேலே நிற்கிற ரெட்ஃபிஷ் மங்கின செம்பு நிறத்தில், ஏதோ ஒரு நிழல் மாதிரிதான் இருக்கும். தண்ணீரின் மேற்பரப்பைப் பார்க்காதீர்கள், தரையைப் பாருங்கள். புல், மணல் திட்டு, மறுபடி புல் என்று தரையில் ஒரு ஒழுங்கு இருக்கும், அதில் ஒட்டாமல் ஒன்று கிடந்தால் அதையே உற்றுப் பார்க்கவேண்டும். மணல் திட்டு இருக்கிற இடமாகப் பார்த்து நடந்தால் வேலை பாதி குறையும், ஏனென்றால் புல்லிலிருந்து திட்டுக்கு வெளியே வரும்போது மீனால் மறைய முடியாது. கண்ணாடி போலரைஸ்டாக இருந்தால் மட்டும் போதாது, லென்ஸ் செம்பு அல்லது அம்பர் நிறமாக இருக்கட்டும். சாம்பல் லென்ஸ் ஆழ்கடலுக்குச் சரி, இந்த ஆழத்துக்கு எடுபடாது. தொப்பி விளிம்பின் அடிப்பக்கம் கறுப்பாக இருந்தால் தண்ணீரிலிருந்து வரும் பளபளப்பு கண்ணில் திரும்ப அடிக்காது. வெயில் முதுகுப் பக்கம் இருக்கும்படி நடங்கள். மேகம் மூடிவிட்டால் தரை தெரியாது, அப்போது வாலையும் தண்ணீர் நெளிவதையும் மட்டும் நம்பவேண்டியதுதான்.

அந்த நெளிவிலும் ஏமாறலாம். மடவை ஓடினால் தண்ணீர் வெட்டி வெட்டிக் கிளம்பும், திடீரென்று திசை மாறும், நடுவில் ஒன்று துள்ளவும் செய்யும். ரெட்ஃபிஷ் நகர்ந்தால் கனமான ஒரே அலை, அவசரமில்லாமல் நேராகப் போகும். வாலிலும் பாருங்கள். அகலமான செம்பு வால், ஓரத்தில் நீலம் ஓடியிருக்கும், அடியில் கறுப்புப் பொட்டு. பிளாக் டிரம், ஷீப்ஸ்ஹெட் என்கிற மீன்கள் இரண்டும்கூட வாலைத் தூக்கி மேயும், ஆனால் அந்த வால்களில் செம்பு இருக்காது. கடல்காகங்கள் ஒரே இடத்தில் தாழப் பறந்து தண்ணீரைக் குத்தினால் கீழே மீன்கூட்டம் இறாலைக் கிளப்புகிறது என்று பெரும்பாலும் நம்பலாம். திருக்கை சேற்றைக் கிளறிக்கொண்டு போனால் அதன் பின்னாலேயே ஒரு ரெட்ஃபிஷ் வருகிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள்.

அப்புறம், நீங்கள் வேகமாக நடக்கிறீர்கள். காலடியிலிருந்து மீன் பாய்கிறது என்றால் வேறு காரணம் தேடவேண்டியதில்லை. சிப்பி நொறுங்குகிற சத்தமும் உங்கள் முழங்காலுக்கு முன்னால் போகிற அலையும் அதற்கு நன்றாகவே தெரியும்.

ஒற்றைவீச்சு:

மேலே சொன்ன அண்ணன் சொல்வது சரிதான், ஆனால் நான் ஒத்துக்கொள்ளாத ஒன்று இருக்கிறது. கேள்வி கேட்டவருக்கு வால் தெரிகிறது, தெரிந்தும் பிடிக்க முடியவில்லை. அது கண் பிரச்சினை இல்லை. லைனை உருவுகிற நேரத்தில்தான் மீன் போகிறது.

தேட ஆரம்பிக்கும்போதே லைன் தயாராக இருக்கவேண்டும். ராடு நுனிக்கு வெளியே 10, 15 அடி லைன், ஃப்ளை இடது கையில் விரல்களுக்கு நடுவே, முள் வெளிப்பக்கம் பார்த்தபடி. எறியப்போகிற மீதி லைன் இடுப்பில் கட்டின கூடையில். கூடை இல்லாவிட்டால் பின்னால் மிதக்கவிடலாம், ஆனால் மிதக்கிற புல் அதில் சிக்கும். மீன் தெரிந்ததும் ஃப்ளையை விடுங்கள், பின்னால் ஒரு வீச்சு, முன்னால் ஒன்று, மறுபடி பின்னால், அப்படியே போய் விழட்டும். நான்காவது தடவை ஆட்டுகிறவர்கள் மீனுக்குக் கொடி காட்டுகிறார்கள், அவ்வளவுதான்.

தூரத்தைப் பற்றிக் கேட்டீர்கள். பெரும்பாலும் 30 முதல் 40 அடிக்குள்தான் மீன் கிடைக்கும். 70 அடி எறியத் தெரிந்தும் 35 அடியில் ஒரு தட்டுக்குள் போடத் தெரியாதவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். புல்தரையில் ஒரு தட்டை வைத்து, ஒவ்வொரு தடவையும் ஃப்ளையைக் கையில் பிடித்த நிலையிலிருந்தே ஆரம்பித்துப் பழகுங்கள். லைன் ஏற்கெனவே காற்றில் இருக்கும்போது பழகுவது வேறு, அது இங்கே உதவாது.

எங்கே போடுவது? நகர்கிற மீன் என்றால் அது போகிற வழிக்கு இரண்டு மூன்று அடி முன்னால், அந்த வழியைக் கொஞ்சம் தாண்டி. மெதுவாக இழுத்து இரண்டும் சந்திக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஃப்ளை மீனை நோக்கி வரவே கூடாது. தன்னைத் தின்னப் போகிறதை நோக்கி ஓடி வருகிற நண்டு உலகத்தில் இல்லை, அதனால்தான் மீன் பயந்து ஓடுகிறது. வால் தூக்கின மீன் என்றால் கணக்கே வேறு. தலை சேற்றுக்குள் இருக்கிறது, வாயும் கீழ்ப்பக்கம் பார்த்தது, உங்கள் ஃப்ளை மூன்றடி தள்ளி விழுந்தால் அதற்குத் தெரியவே தெரியாது. தலைக்கு ஓர் அடிக்குள் மெத்தென்று விழவேண்டும். விழுந்ததும் இழுக்காதீர்கள். வால் இறங்கித் தலை நிமிரும், அந்த நொடியில் ஒரு சின்ன அசைவு கொடுங்கள். வால் இறங்கினால் போச்சு என்று நினைக்கிறீர்களே, ஃப்ளை அதன் பக்கத்தில் கிடந்தால் உண்மையில் அதுதான் நல்ல நேரம்.

சதுப்புநிலவாசி:

நான் லூசியானா பக்கம். இங்கே தண்ணீர் டீ மாதிரி, அதனால் மேலே சொன்ன பாதி ஆலோசனை இங்கே தலைகீழாகிவிடும். மெத்தென்று விழுந்த ஃப்ளையை இங்கே எந்த மீனும் கவனிக்காது. ஈயக்கண் வைத்த கறுப்பு அல்லது ஊதா ஃப்ளை சொத்தென்று விழுந்தால் சத்தத்துக்கே திரும்பி வரும். டெக்சாஸின் லகுனா மாத்ரே உப்பங்கழியில் தெளிந்த தண்ணீரில் அதே ஃப்ளையைப் போட்டால் மொத்தக் கூட்டமும் காலி. ஆகவே எந்த ஃப்ளை நல்லது என்று பொதுவாகக் கேட்பதில் பிரயோசனம் இல்லை, தண்ணீர் எப்படி என்று பார்த்துவிட்டுத்தான் பெட்டியையே திறக்கவேண்டும். டெக்சாஸில் அடர்ந்த கடற்புல் என்றால் எடை குறைந்ததாக, புல் மாட்டாமலிருக்க முள்ளுக்கு முன்னால் நைலான் தடுப்பு கட்டினதாக எடுங்கள்.

இங்கே பெரும்பாலும் படகில்தான். ஒருவர் பின்னால் மேடையில் நின்று கோல் ஊன்றுவார், நாம் முன்னால். படகின் மூக்கு 12 மணி என்று வைத்துக்கொண்டு "11 மணி, 40 அடி" என்பார். உடனே எறியாதீர்கள். ராடை அந்தத் திசையில் நீட்டி "இதுவா?" என்று கேளுங்கள், அவர் இடம் வலம் திருத்துவார், அப்புறம் எறியுங்கள். அந்த இரண்டு நொடி வீணில்லை. குளிர்காலத்தில் 20, 30 பவுண்டு மீன்கள் ஆழமில்லாத தண்ணீருக்கு வரும், அதற்கு 8 வெயிட் கொஞ்சம் திணறும், 9 அல்லது 10 எடுத்து வையுங்கள்.

குளத்துக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. கையில் ஃப்ளையைப் பிடித்துக்கொண்டு நடக்கலாம் என்பதே எனக்குப் புதுசு. இரண்டு சந்தேகம். காற்று வலது தோள் பக்கம் இருந்து அடிக்கும்போது என்ன செய்வீர்கள்? மீன் வாயில் வாங்கினது தெரிந்தவுடன் ராடை மேலே தூக்கினால் ஏன் கழன்றுவிடுகிறது? ட்ரவுட்டுக்கு அப்படித்தானே செய்கிறோம்.

ஒற்றைவீச்சு:

தூக்காதீர்கள்! ராடு நுனி தண்ணீரை ஒட்டியே இருக்கட்டும், லைனை இடது கையால் நீளமாக ஒரே இழுப்பு இழுங்கள், கனம் தெரிகிற வரை. ராடைத் தூக்கினால் அது வளைந்து பலத்தைத் தின்றுவிடும், கடல் மீனின் வாயில் முள் ஏறாது. தவிரவும் மீன் சரியாக வாங்காமல் விட்டிருந்தால், இழுத்தவருக்கு ஃப்ளை ஓர் அடி நகர்ந்து இன்னும் மீனுக்கு முன்னால்தான் இருக்கும், மறுபடி வாங்கவும் வாங்கும். தூக்கினவருக்கு ஃப்ளை ஆகாயத்தில். முள் ஏறினதும் ராடைப் பார்க்காதீர்கள், கீழே கிடக்கிற லைனைப் பாருங்கள். அது கூடையிலோ ரீல் பிடியிலோ சிக்கினால் 16 பவுண்டு லீடர் அறுந்துவிடும்.

வலது தோள் காற்றுக்கு, திரும்பி நின்றுகொண்டு பின்வீச்சிலேயே ஃப்ளையை மீனிடம் விடலாம். இல்லையென்றால் ராடை இடது தோளுக்கு மேலே சாய்த்து வீசுங்கள், லைன் உடம்பின் மறுபக்கம் போகும். லீடரை ஏழரை அடியாகக் குறைத்தாலும் காற்றில் நேராக விழும்.

உப்பங்கழி:

காற்று இடதுபக்கம், வெயில் பின்பக்கம் என்று இரண்டும் ஒத்துவருகிற பாதை எப்போதாவதுதான் அமையும். இரண்டில் ஒன்று என்றால் நான் வெயிலைத்தான் எடுப்பேன். காற்றைக் கையால் சமாளிக்கலாம், தெரியாத மீனை எதாலும் சமாளிக்க முடியாது. (மேலே தம்பி இதற்கும் சண்டைக்கு வருவார்.)

மூன்று விஷயம் சேர்த்துக்கொள்ளுங்கள். காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துக்கொண்டே நடங்கள், மணலில் புதைந்து கிடக்கிற திருக்கை விலகிப் போய்விடும். பிடித்ததை எடுத்துப் போவதாக இருந்தால் டெக்சாஸில் 20 முதல் 28 அங்குலம், நாளுக்கு 3 மீன், அதற்கு மேல் நீளமானது வேண்டுமென்றால் லைசென்ஸோடு வருகிற டேக் (மீனில் கட்டுகிற சீட்டு) வேண்டும். லூசியானாவில் 2024 ஜூனிலிருந்து 18 முதல் 27 அங்குலம், 4 மீன், 27-க்கு மேல் எதையும் வைத்துக்கொள்ளக்கூடாது. போகிற முன் அந்த வருட விதிகளை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். இன்னொன்று, மோட்டார் படகில் போகிற நாள் வந்தால் கடற்புல்லை வேரோடு பிடுங்குவது 2013-லிருந்து டெக்சாஸ் முழுக்கச் சட்டப்படி குற்றம், ரெட்ஃபிஷ் பே விரிகுடாவில் அதற்கும் முன்னாலிருந்தே.

இந்த விதிகளைப் பார்த்துச் சலித்துக்கொள்கிறவர்கள் உண்டு. 1980-களில் நியூ ஆர்லியன்ஸ் சமையல்காரர் பால் புருதோமின் கருக்கின ரெட்ஃபிஷ் நாடு முழுக்கப் பிரபலமாகி, வலைபோட்டு அள்ளி, மீன் எந்த நிலைக்குப் போனது என்று அவர்கள் கொஞ்சம் படிக்கலாம்.

குளத்துக்காரன்:

இந்த வாரக்கடைசி தென்கிழக்குக் காற்று மணிக்கு 18 மைல் என்று போட்டிருக்கிறான். போகலாமா, விட்டுவிடலாமா?

உப்பங்கழி:

போங்கள். ஆனால் நடுவில் நிற்காதீர்கள். தென்கிழக்குக் காற்று என்றால் ஒவ்வொரு ஏரியிலும் தென்கிழக்குக் கரையோரம்தான் மறைவு, சதுப்புச்செடி காற்றைத் தடுக்கும், தண்ணீரும் அங்கேதான் கலங்காமல் இருக்கும். சீக்கிரமே போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் இன்னும் ஏறும். வெயில் கொஞ்சம் மேலே வருகிற வரை வாலை மட்டும் தேடுங்கள், தரை அப்புறம்தான் தெரியும்.