மூளை அலையைப் பதிவு செய்கிறேன். மனதையும் பதிவு செய்கிறேனா?

அலைக்கோடு (கேள்வி)

பதினோரு வருடமாக ஈஈஜி, அதாவது மூளையின் மின் அலைப் பதிவு, எடுப்பதுதான் என் வேலை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: தலையை டேப் வைத்து அளந்து, பென்சிலால் புள்ளி வைத்து, ஒவ்வொரு புள்ளியிலும் பேஸ்ட் தடவி எலக்ட்ரோடு ஒட்டுவோம். மொத்தம் 21. மூளையிலிருந்து தோல்வரை வந்து சேரும் மின்சாரம் ரொம்பவும் சன்னமானது. கண்ணை மூடி அமைதியாகப் படுத்திருப்பவரின் பின்தலையில் ஆல்ஃபா அலை வரும், சுமார் 50 மைக்ரோவோல்ட். சுவர்க் கடிகாரத்தில் போடுகிற பேட்டரியோடு ஒப்பிட்டால் முப்பதாயிரத்தில் ஒரு பங்கு. கண்ணைத் திறக்கச் சொன்னால் அந்த அலை அப்படியே அமுங்கிவிடும். மூடினால் திரும்பி வரும். இத்தனை வருடம் கழித்தும் அதைப் பார்க்கும்போது எனக்கு ஒரு சந்தோஷம் உண்டு.

போன மாதம் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவருக்குப் பதிவு எடுத்தேன். ஒன்பது நாளாக நினைவில்லை. இப்படிப்பட்டவர்களுக்குப் பதிவின் நடுவே கை தட்டுவோம், பெயர் சொல்லிக் கூப்பிடுவோம், நகத்தை அழுத்துவோம். அலை மாறுகிறதா என்று பார்க்கத்தான். கை தட்டினேன், ஒன்றுமில்லை. முழுப் பெயரைச் சொல்லி இரண்டு முறை கூப்பிட்டேன். மாற்றமில்லை. கட்டிலருகே அவர் மகள் நின்றிருந்தார், முப்பது வயது இருக்கும். "நான் கூப்பிடட்டுமா?" என்றார். சரி என்றேன். காதுப்பக்கம் குனிந்து "அப்பா" என்றார், அவ்வளவுதான். திரையில் பெரிதாக, மெதுவாக ஓடிக்கொண்டிருந்த அலைகள் இரண்டு விநாடிபோல அமுங்கின. வேகமான சின்ன அலைகள் வந்தன. பிறகு பழையபடி ஆனது. இன்னொரு முறை கூப்பிடச் சொன்னேன். மறுபடியும் அதே. நேரத்தைக் குறித்து, "மகள் குரலுக்கு மாற்றம் உண்டு" என்று பதிவில் எழுதினேன்.

மகள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்: "நான்தான்னு அப்பாவுக்குத் தெரிஞ்சுதா?"

அந்தக் கேள்வியை என்னால் இறக்கி வைக்க முடியவில்லை. கூட வேலை செய்யும் நண்பரிடம் சொன்னேன். "நம்ம மெஷின் பழசு, அவ்வளவுதான். நல்ல கருவி வந்தா அதுவும் தெரிஞ்சுடும்" என்றார். அப்படித்தானா? அலை மாறியது என்பது ஒன்று, தெரிந்தது என்பது வேறொன்று இல்லையா? தமிழில் 'பொருள்' என்றால் கையில் எடுக்கிற வஸ்துவும் அதுதான், சொல்லின் அர்த்தமும் அதுதான். முதல் பொருளை முழுக்க அளந்துவிட்டால் இரண்டாவது பொருள் தானாக வந்துவிடுமா? மனம், அர்த்தம், எது நல்லது எது கெட்டது என்பதெல்லாம் அறிவியல் ஒன்றினாலேயே விளங்கிவிடக்கூடியவையா? படித்தவர்கள், யோசித்தவர்கள் சொல்லுங்கள்.

கரிமம்

உங்கள் நண்பர் பக்கம்தான் நான். காரணம் சொல்கிறேன்.

2006இல் ஏட்ரியன் ஓவன் என்ற மூளை விஞ்ஞானியின் குழுவினர் விபத்தில் அடிபட்ட 23 வயதுப் பெண்ணை ஆராய்ந்தார்கள். ஐந்து மாதமாக எதைச் சொன்னாலும் பதில் அசைவே இல்லாதவர். மூளையின் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று படம்பிடித்துக் காட்டும் எஃப்எம்ஆர்ஐ கருவிக்குள் வைத்து, டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்யச் சொன்னார்கள். அசைவைத் திட்டமிடும் மூளைப்பகுதி உயிர்பெற்றது. உங்கள் வீட்டின் அறைகளுக்குள் நடப்பதாக நினையுங்கள் என்றார்கள், இடத்தை அறியும் பகுதி விழித்தது. நல்ல நிலையில் இருப்பவர்களுக்கு வருவது போலவே. 2010இல் இதே முறையில் ஒரு நோயாளி ஆம், இல்லை என்று கேள்விகளுக்குப் பதிலே சொன்னார். 2024இல் வெளியான ஆய்வில், மூளை பாதிக்கப்பட்டு, என்ன சொன்னாலும் அசைவே காட்டாத 241 பேரில் 60 பேருடைய மூளை கட்டளையைக் கேட்டு வேலை செய்தது தெரிந்தது. நான்கில் ஒருவர்! ஆக, அந்த மகளின் கேள்வி பதிலே இல்லாத கேள்வி அல்ல. பதில் வரத் தொடங்கியிருக்கிறது.

இன்னொன்று. ஒரு காலத்தில் உயிருள்ளவற்றில் தனியாக ஓர் 'உயிர்விசை' இருக்கிறது, வேதியியலால் அதைத் தொட முடியாது என்றார்கள். 1828இல் வோலர் என்ற வேதியியலாளர், சிறுநீரில் இருக்கும் யூரியாவைச் சிறுநீரகம் இல்லாமலே ஆய்வகத்தில் உண்டாக்கினார். அந்த நம்பிக்கைக்கு விழுந்த முதல் விரிசல்களில் அது ஒன்று. இன்று உயிர்விசையை யாரும் தேடுவதில்லை. மனமும் அப்படித்தான் ஆகும். நடை என்பது கால் செய்கிற வேலை. காலை முழுக்க விளக்கிய பிறகு, நடை எங்கே ஒளிந்திருக்கிறது என்று யாரும் தேடுவதில்லையே.

இரவுப்பணி

பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியாக இருக்கிறேன். தத்துவம் படித்ததில்லை. ஆனால் எங்கள் துறையில் நடந்த ஒரு விஷயம் இந்தக் கேள்விக்கு நேராக வருகிறது.

1980களின் நடுப்பகுதி வரை பல இடங்களில் பிறந்த குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை செய்யும்போது போதுமான வலிமருந்து கொடுக்கமாட்டார்கள். அசையாமல் இருக்கத் தசையைத் தளர்த்தும் மருந்து, கொஞ்சம் நைட்ரஸ் ஆக்சைடு என்ற லேசான மயக்க வாயு, அவ்வளவுதான். நெஞ்சைத் திறக்கிற அறுவைக்கும் இப்படித்தான். மருந்தே குழந்தையைக் கொன்றுவிடும் என்ற பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், பச்சைக்குழந்தை கையைக் காலை உதறுவது வெறும் அனிச்சைச் செயல், அதற்கு வலி 'தெரியாது' என்று ஆய்வாளர்களே எழுதி வைத்திருந்தார்கள். அறுவை முடிந்து திரும்பி வரும் குழந்தைகளின் நிலையைப் பார்த்துச் சங்கடப்பட்டவர்களில் ஒருவர் கே. ஜே. எஸ். ஆனந்த் என்ற மருத்துவர். உடல் தவிக்கும்போது ரத்தத்தில் ஏறும் ஹார்மோன்களை அளந்தார். குறைப்பிரசவக் குழந்தைகளில் ஒரு பாதிக்கு ஃபென்டனில் என்ற வலிமருந்தைச் சேர்த்துக் கொடுத்து, மறுபாதியோடு ஒப்பிட்டார். மருந்து பெற்ற குழந்தைகளின் உடல் அவ்வளவு கொந்தளிக்கவில்லை, பிறகு வந்த சிக்கல்களும் குறைவு. 1987இல் இது வெளிவந்தது. அதே ஆண்டில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பு, பச்சைக்குழந்தைகளுக்கும் வலிமருந்து வேண்டும் என்று அறிவித்தது.

கரிமம், இதை அறிவியலின் வெற்றி என்றுதான் நானும் சொல்வேன். அந்த அளவீடு இல்லாவிட்டால் எத்தனை குழந்தைகள் இன்னும் துடித்திருக்கும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். குழந்தை அழுவது அதற்கு முன்பும் எல்லாருக்கும் கேட்டது. ஹார்மோனை அளக்கும் முறை அதற்கு முன்பும் இருந்தது. இது அளக்கவேண்டிய விஷயம் என்று ஒருவருக்குத் தோன்றியதே, அது எந்த அளவீட்டிலிருந்து வந்தது?

இன்றைக்கும் குதிகாலில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கும்போது முகத்தைப் பார்த்து மதிப்பெண் போடுகிறேன். புருவம் புடைக்கிறதா, கண் இறுக மூடுகிறதா, மூக்கோரம் கோடு விழுகிறதா, இதயத் துடிப்பு எவ்வளவு ஏறியது. கூட்டினால் ஓர் எண் வரும். அந்த எண் 12 என்று காட்டும். "ஆகவே அந்தக் குழந்தையை அணைத்துக்கொள்" என்று காட்டாது. அதை நான் கொண்டுவருகிறேன். எங்கிருந்து கொண்டுவருகிறேன் என்று கேட்டால் என்னால் சொல்லத் தெரியவில்லை. ஆனால் எண்ணிலிருந்து இல்லை என்பது மட்டும் நிச்சயமாகத் தெரியும்.

அலைக்கோடு, கடைசியில் அந்தப் பெண்ணுக்கு என்னதான் பதில் சொன்னீர்கள்?

பழைய கரும்பலகை

கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். செவிலியம்மா சொன்னதை 1740இலேயே டேவிட் ஹியூம் என்ற தத்துவவாதி தொட்டுவிட்டார். 'இருக்கிறது' 'இல்லை' என்று பேசிக்கொண்டே வருகிறவர்கள், திடீரென்று 'வேண்டும்' 'கூடாது' என்று தாவிவிடுகிறார்கள், நடுவில் பாலம் எங்கே என்று கேட்டார். இன்றுவரை அந்தப் பாலத்தை யாரும் கட்டிக் காட்டியதாக எனக்குப் படவில்லை. அது போகட்டும். நான் சொல்ல வந்தது வேறு.

பகா எண்களுக்கு முடிவே கிடையாது என்று யூக்ளிட் சுமார் 2300 ஆண்டுகளுக்கு முன் நிறுவினார். பிள்ளைகளுக்கு இப்படிச் சொல்வேன்: 2, 3, 5, 7 இந்த நாலுதான் உலகத்தில் மொத்தப் பகா எண்கள் என்று வைத்துக்கொள். எல்லாவற்றையும் பெருக்கி ஒன்றைக் கூட்டு. 211. இப்போது நாலில் எதனால் வகுத்தாலும் மீதி ஒன்று. அப்படியானால் உன் பட்டியலில் இல்லாத ஒரு பகா எண் வெளியே இருந்தாகவேண்டும். பட்டியலை எவ்வளவு நீட்டினாலும் இதே கதிதான். சொல்லி முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், நாலைந்து பேர் சும்மா எழுதிக்கொண்டிருப்பார்கள். ஒரே ஒரு பிள்ளையின் கை மட்டும் பாதி வரியில் நின்றிருக்கும். முகம் மாறியிருக்கும். அந்த முகத்துக்காகத்தான் முப்பது வருடம் கரும்பலகை முன்னால் நின்றேன்.

கரிமம் தம்பி, அந்தப் பிள்ளையின் தலையில் அலைக்கோடு எலக்ட்ரோடு ஒட்டியிருந்தால் அந்த நிமிஷம் ஏதாவது ஒன்று பதிவாகியிருக்கும். சந்தேகமே இல்லை. ஆனால் நான் தவறான ஒரு நிறுவலைச் சாமர்த்தியமாகச் சொல்லி அந்தப் பிள்ளை நம்பியிருந்தாலும், 'புரிந்துவிட்டது' என்ற அதே நிறைவு வந்திருக்குமே? எது சரி, எது தப்பு என்று அலையைப் பார்த்துச் சொல்ல முடியாது. நிறுவலைத்தான் பார்க்கவேண்டும். ஏன் நம்பினாள் என்பதற்கு மூளை காரணம் சொல்லும். நம்பியது சரிதானா என்பதற்கு நியாயம்தான் சொல்லும். காரணம் வேறு, நியாயம் வேறு. 'மனம் என்பது மூளையின் வேலை மட்டுமே' என்று நீங்கள் எனக்கு எடுத்துச் சொல்லும்போதும், என் நரம்பைத் தள்ளிவிடப் பார்க்கவில்லை. நியாயம் சொல்லி ஒத்துக்கொள்ள வைக்கத்தான் பார்க்கிறீர்கள். அந்த நியாயத்தை நம்பித்தான் அறிவியலே நிற்கிறது. தான் நிற்கிற தரையை அது எப்படித் தானே தூக்கிக் காட்டும்?

கரிமம்

ஐயா, இதற்கு உடனே பதில் சொல்ல என்னிடம் இல்லை. யோசிக்கிறேன்.

நன்மை தீமை பற்றி மட்டும் ஒன்று. அணைத்துக்கொள்ளத் தோன்றுவது எங்கிருந்து வந்தது என்பதற்குப் பரிணாமத்தில் பதில் உண்டு. சொந்த ரத்தத்துக்காக உயிர்கள் ஏன் தியாகம் செய்கின்றன என்பதை 1964இல் ஹாமில்டன் என்ற உயிரியலாளர் கணக்காகவே போட்டுக் காட்டினார். ஆனால் இரவுப்பணி எழுதியதைப் படித்த பிறகு ஒன்று உறுத்துகிறது. சொந்தமில்லாதவரை ஒதுக்கத் தோன்றுவதும் அதே பரிணாமத்திலிருந்துதான் வந்தது. இரண்டில் எதைக் கேட்பது என்று ஹாமில்டனின் கணக்கு எனக்குச் சொல்லாது. இதை ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும், மூளைக்கு வெளியே ஆன்மா என்று எதையாவது கொண்டுவந்து இந்த இடைவெளியை நிரப்பினால் அதை நான் ஏற்கமாட்டேன்.

அலைக்கோடு (கேட்டவர்)

எல்லாருக்கும் நன்றி. இரண்டு நாளாகத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

கரிமம், ஆன்மாவைக் கொண்டுவர நான் கேட்கவில்லை. மூளையில் ஒரு சின்ன ரத்தக்குழாய் அடைத்தால் ஒரு மனிதர் எப்படி ஆகிறார் என்பதைத் தினமும் பார்க்கிறவள் நான். மூளை இல்லாமல் மனம் உண்டு என்று சொல்ல என் வாய் வராது. அந்த 2006 ஆய்வு எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் அதிலும் ஒன்று இருக்கிறது பாருங்கள். டென்னிஸ் கற்பனை செய்யும்போது இன்ன பகுதி வேலை செய்யும் என்று எப்படித் தெரிந்தது? நல்ல நிலையில் இருந்தவர்கள் அதே கருவியில் படுத்துக் கற்பனை செய்தார்கள். தனக்குள் நடந்ததை அவர்கள் சொல்லாமல், ஒளிர்ந்த அந்தப் புள்ளிக்கு ஓர் அர்த்தமும் இல்லை. எங்கள் ஆல்ஃபா அலையும் அப்படித்தான். வலி இன்னும் மோசம். அளக்கக் கருவி இல்லை, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று நோயாளியைத்தான் கேட்கிறோம். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்களே, அந்தத் 'தனக்கு' என்ற இடத்தை எந்தக் கருவியாலும் வெளியிலிருந்து எட்ட முடியவில்லை. ஒருவர் உள்ளே இருந்து சொல்கிறார், நாம் நம்புகிறோம். அந்த நம்பிக்கையின் மேல்தான் எங்கள் அறிக்கைகள் எல்லாம் நிற்கின்றன.

கிறிஸ்டோஃப் காக் என்ற மூளை விஞ்ஞானி 1998இல் டேவிட் சால்மர்ஸ் என்ற தத்துவவாதியோடு பந்தயம் கட்டினார். நனவு மூளையில் எப்படி உண்டாகிறது என்பது 25 வருடத்தில் தெளிவாகிவிடும் என்றார். 2023இல் மேடையிலேயே தோல்வியை ஒப்புக்கொண்டு ஒயின் பாட்டில்களைக் கொடுத்தார். அடுத்த 25 வருடத்துக்கும் பந்தயம் கட்டியிருக்கிறார்! அவர் ஜெயித்தால் நான் சந்தோஷப்படுவேன். அப்போதும், கரும்பலகை ஐயா சொன்ன நியாயமும் இரவுப்பணி சொன்ன அணைப்பும் மிச்சம் இருக்கும் என்றே நினைக்கிறேன்.

ஈஈஜியைக் கண்டுபிடித்த ஹான்ஸ் பெர்கரின் கதையையும் சொல்லவேண்டும். இளைஞராக ராணுவத்தில் இருந்தபோது குதிரையிலிருந்து விழுந்து, பீரங்கி வண்டிச் சக்கரத்தில் மாட்டாமல் மயிரிழையில் தப்பினார். அன்றைக்கே அப்பாவிடமிருந்து தந்தி. எங்கோ இருந்த அக்காவுக்கு, தம்பிக்கு ஏதோ ஆகிவிட்டது என்று மனசு அடித்துக்கொண்டதாம். அந்த அடித்துக்கொள்ளல் எப்படி வந்து சேர்ந்தது என்று தேடித்தான் அவர் மூளைக்குள் போனார். 1924இல் முதன்முதலாக மனித மூளையின் அலையைப் பதிவு செய்தார். தன் மகன் தலையிலேயே எத்தனையோ முறை பதிவு எடுத்தார். தேடியது கிடைக்கவில்லை. கிடைத்தது, இன்று நான் தினமும் ஒட்டுகிற இந்த எலக்ட்ரோடுகள்.

இரவுப்பணி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். அந்தப் பெண்ணிடம் "தெரிஞ்சுது" என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பொய். "இது வெறும் மின்சாரம்மா" என்றும் சொல்லவில்லை. எனக்கு அதுவும் பொய்யாகத்தான் பட்டது. திரையைக் காட்டி, "நான் கூப்பிட்டப்போ இங்க ஒண்ணும் மாறல. நீங்க கூப்பிட்டப்போ மாறிச்சு, ரெண்டு தடவையும். எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பதிவு முடிய இன்னும் ஏழு நிமிடம் இருந்தது. வழக்கமாக அந்த நேரத்தில் சத்தமே இருக்கக்கூடாது என்போம். நான் நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, "பேசுங்க" என்றேன்.