காட்டில் கிடைக்கும் ரெய்ஷியை நாமே எடுத்துக் கஷாயம் வைக்கலாமா?

சோலைவாசி:
தாண்டிக்குடிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டம். அதற்கு மேலே காடு. போன ஐப்பசியில் அடைமழை விட்ட மறுவாரம், பட்டுப்போன ஒரு மரத்தின் தூரில் மரக்காளான் பார்த்தேன். மேல்பக்கம் வார்னிஷ் அடித்த மாதிரி செம்பழுப்பு, விளிம்பில் வெள்ளையும் மஞ்சளுமாக ஒரு கோடு. அடியில் செவுள் எனும் மெல்லிய மடிப்புகள் இல்லை, ஊசியால் குத்தியது போலப் பொடித் துளைகள்தான். கானோடெர்மா. சீனர்கள் லிங்ஷி என்கிறார்கள், ஜப்பானியர் ரெய்ஷி. இதன் பொடியை நம் ஆட்கள் ஆன்லைனில் என்ன விலைக்கு வாங்குகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

அறுத்துக் காயவைத்தேன். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு கைப்பிடி போட்டுப் பாதியாகச் சுண்டவைத்து மூன்று மாதமாகக் குடிக்கிறேன். கசப்பு தாங்கவில்லை, ஆனால் தூக்கம் நன்றாக வருகிறது. மாமனாருக்கும் கொடுக்கிறேன், அவருடைய சர்க்கரை இறங்கியிருக்கிறது. காளான் என்றாலே நாய்க்குடை என்று மிரளும் தலைமுறை ஆகிவிட்டோம். நம் முன்னோருக்குக் காட்டை வாசிக்கத் தெரிந்திருந்தது. அடுத்த மழைக்குப் பத்துப் பத்துப் பேராகக் கூட்டிப்போய் இதைக் கண்ணால் காட்ட நினைக்கிறேன். என்ன சொல்கிறீர்கள்?

இரவுப்பணி:
அண்ணா, நான் செவிலியர். வேண்டாம் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

முதலில் சர்க்கரை. இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களுக்கு இதே காளானைக் கொடுத்துச் செய்த ஆய்வுகளைக் மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் குழு 2015இல் தொகுத்துப் பார்த்தது. 5 ஆய்வுகள், 398 பேர். சர்க்கரைக்கோ இதயத்துக்கோ இதைப் பரிந்துரைக்க ஆதாரம் இல்லை என்றுதான் முடித்தார்கள். மாமா மாத்திரையை நிறுத்தவில்லையே? ரத்தம் உறையாமல் இருக்க ஏதாவது சாப்பிடுகிறாரா? கானோடெர்மா, ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களின் வேலையைக் குறைக்கக்கூடியது. பொடி சாப்பிட்டுக் கல்லீரல் கெட்டவர்களைப் பற்றி ஹாங்காங், தாய்லாந்து மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

அடுத்தது அந்தப் பத்துப் பேர். எனக்கு அதுதான் பயம். நாலு வருடம் முன்னால் எங்கள் வார்டுக்கு ஒரு மலைக்கிராமத்துக் குடும்பம் வந்தது. அப்பா, அம்மா, 12 வயதுப் பெண். ராத்திரி காளான் குழம்பு. விடியற்காலையில் மூவருக்கும் வாந்தி, பேதி. இரண்டாம் நாள் நின்றுவிட்டது. அந்தப் பெண் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டாள். "சரியாப் போச்சு, வீட்டுக்குப் போறோம்" என்று அப்பா சண்டை போட்டார். மூன்றாம் நாள் அவருடைய கண் மஞ்சளானது. ஆறாம் நாள் இறந்துவிட்டார். தின்றது எந்தக் காளான் என்று கடைசிவரை தெரியவில்லை, மிச்சத்தை ஏற்கெனவே குப்பையில் கொட்டிவிட்டார்கள்.

அமானிடா வகைக் காளானின் நஞ்சு இப்படித்தான் ஏமாற்றும். தின்று 6 மணி, 12 மணி நேரம்வரைகூட ஒன்றுமே தெரியாது. அப்புறம் வாந்தி, அப்புறம் குணமானது போல ஒரு நாள். அந்த நாளில்தான் கல்லீரல் அழிந்துகொண்டிருக்கும். எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது.

சோலைவாசி:
சகோதரி, அந்தக் குடும்பத்துக்கு நடந்ததைப் படித்து மனசு கனத்தது. ஆனால் இரண்டையும் ஒன்றாகக் குழைக்கிறீர்கள். ஆளைக் கொல்லும் அமானிடா மண்ணில் முளைப்பது, மெத்தென்று இருக்கும், வெள்ளைச் செவுள், காம்பில் வளையம், அடியில் பை போன்ற உறை. நான் எடுத்தது கட்டையாகக் கிடக்கும் மரக்காளான், கத்தி இறங்கவே கஷ்டப்படும். இரண்டையும் குழப்பச் சின்னப் பிள்ளையாலும் முடியாது. துளை உள்ளதை மட்டும் எடு, செவுள் உள்ளதைத் தொடாதே. இந்த ஒரே விதியைத்தான் சொல்லிக்கொடுக்கப் போகிறேன்.

மாமா இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தவர். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை உண்டு. அதை யோசிக்கவில்லை.

தென்னந்தோப்பு:
தம்பி, நான் ஒரத்தநாடு. நீங்க வார்னிஷ் அடிச்ச மாதிரின்னு எழுதினதும் நெஞ்சு திக்குன்னுச்சு. எங்க தென்னையைக் கொல்ற பூஞ்சை அது. அதே சாதிதான். 1952இல் புயலடிச்சதுக்கு அப்புறம் இந்த ஜில்லாவுல முதல்ல கண்டாங்க, அதனாலேயே தஞ்சாவூர் வாடல்னு பேரு. அடிமரத்துல சிவப்பா சாறு கசியும். வேர் அழுகும். கீழ் மட்டையெல்லாம் பழுத்துத் தொங்கும். தூருல அந்தக் காளான் தலையைக் காட்டுறப்போ மரம் கைவிட்டுப் போயிருக்கும். கஜாவுல தப்பின மரத்துல பதினேழை எனக்கு இது தின்னுடுச்சு.

மருந்துன்னா காட்டுக்கு எதுக்குப் போறீங்க, எங்க தோப்புக்கு வாங்க, கூடை கூடையாத் தர்றோம்னு சொல்லத்தான் ஆசை. சொல்ல முடியல. மரத்துக்கு அஞ்சு கிலோ வேப்பம் புண்ணாக்கு போடுறோம், தூரைச் சுத்தி மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த ஒரு சதம் போர்டோ கலவை 40 லிட்டர் ஊத்துறோம், வேர் வழியா மருந்து கட்டுறோம். மயில்துத்தத்துல ஊறின அந்தத் தூருல முளைச்சதை எப்படித் திங்கக் கொடுப்பேன்? உங்க காப்பித் தோட்டத்துக்கு மேல இருக்கிற அந்த மரத்துக்கிட்ட யாரு எதை ஊத்தினாங்கன்னு உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா?

இன்னொண்ணு. அதை அறுத்து வீட்டுக்கு எடுத்துட்டுப் போறப்போ பழுப்புத் தூள் வழியெல்லாம் கொட்டும். அதுதான் வித்து. தென்னை இருக்கிற ஊருக்குள்ள அதைக் கொண்டுவராதீங்க.

தேன்கூடு:
நான் பளியர் பழங்குடி வீட்டுப் பெண். தாவரவியல் முதுகலை முடித்திருக்கிறேன். இரண்டு பக்கமும் எனக்கு வருத்தம் இருக்கிறது.

சோலைவாசி அண்ணா, "முன்னோர்" என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் பாட்டி மரக்காளானை மருந்தாக எடுத்து நான் பார்த்ததில்லை. அவள் எடுப்பது புற்றுக்காளான், அதுவும் மழைக்கு அப்புறம் சில நாள்தான். குடையைப் பார்த்து அவள் எடுக்கமாட்டாள். காம்போடு விரலை மண்ணுக்குள் விட்டுக் குடைந்துகொண்டே போவாள். அது வேர் மாதிரி நீண்டு கரையான் புற்றுக்குள் இறங்க வேண்டும். இறங்கவில்லையென்றால் அப்படியே விட்டுவிடுவாள். கரையான் வளர்க்கிற காளான் அது. வீட்டில் பண்ணையாக வளர்க்க இன்னும் யாருக்கும் வழி பிடிபடவில்லை. கல்லூரி விடுதிப் புல்வெளியில் அதே மாதிரி வெள்ளைக் குடையைப் பார்த்துத் தோழிகள் சமைக்கக் கிளம்பினார்கள். நான் ஒரு குடையை வெள்ளைத் தாளில் கவிழ்த்து ராத்திரி முழுக்க மூடிவைத்தேன். காலையில் தாளில் பச்சைத் தூள் படிந்திருந்தது. குளோரோஃபில்லம். தின்றிருந்தால் எல்லோரும் வாந்தியில் கிடந்திருப்பார்கள்.

உங்கள் "துளை உள்ளதை எடு" விதியும் நிற்காது. ஐரோப்பாவில் ஹாப்பலோபைலஸ் என்று ஒரு மரக்காளான் உண்டு. துளை உள்ளதுதான். தின்றவர்களுக்குச் சிறுநீரகமும் நரம்பும் பாதித்தன.

கானோடெர்மா என்பதும் ஒரே காளான் இல்லை. கானோடெர்மா லூசிடம் என்ற பெயர் 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் எடுத்த காளானுக்கு வைத்தது. சீனாவில் பயிரிடுவது வேறு இனம் என்று பிரித்து 2012இல்தான் லிங்ஷி என்றே தனிப் பெயர் கொடுத்தார்கள். தாண்டிக்குடி மரத்தில் இருப்பது மூன்றாவது ஒன்றாகவும் இருக்கலாம். அக்கா சொன்ன ஆய்வுகளில் கொடுத்த காளானும் நீங்கள் கஷாயம் வைத்ததும் ஒன்றுதான் என்று எதை வைத்துச் சொல்வீர்கள்?

இரவுப்பணி அக்கா, நீங்கள் சொல்வது உயிரைக் காப்பாற்றும் பேச்சுதான். ஆனால் காட்டுக்காளான் என்றாலே விஷம் என்று பரவினால் பாட்டி கூடையோடு சந்தைக்கு வரும்போது ஒருவரும் வாங்கமாட்டார்கள், ஏற்கெனவே ஏளனமாகப் பார்க்கிறார்கள். காட்டில் தேன், கிழங்கு, மூலிகை எடுக்கும் உரிமையை 2006 வன உரிமைச் சட்டம் காட்டில் வாழ்கிறவர்களுக்குத்தான் கொடுத்தது. வேனில் வந்து இறங்கும் பத்துப் பேருக்கு இல்லை.

இரவுப்பணி:
தேன்கூடு, உங்கள் பாட்டி கூடையை நான் மறுக்கவில்லை. ஆனால் எங்கள் வார்டுக்கு வந்த அந்த அம்மாவும் "வருஷா வருஷம் சாப்பிடுறதுதான்" என்றார். மேகாலயாவில் ஆறு பேர் இறந்தார்கள், 2022 ஏப்ரலில் அசாமில் 13 பேர். அசாமில் போனவர்களில் பலர் தேயிலைத் தோட்டத்தைச் சேர்ந்தவர்கள். அவர்களும் காளான் அறியாதவர்கள் இல்லை. ஆஸ்திரேலியாவின் கான்பராவில் 2012 ஜனவரியில் இருவர் இறந்ததும் நினைவிருக்கிறது. இறந்தவர்களில் ஒருவர் சீனாவிலிருந்து போன சமையல்காரர். கிழக்காசிய வைக்கோல் காளானைப் பழகிய கண்ணுக்கு அங்கே முளைக்கிற நஞ்சுக் காளான் மொட்டும் அதேபோலத் தெரியும். பாட்டியின் விரல் அந்தப் புற்றை அறியும். வேறு மலையில் அந்த விரலுக்கும் அவ்வளவு தெரியாது.

தென்னந்தோப்பு:
கொதிக்கிறப்போ மஞ்சளோ வெள்ளிக்காசோ போட்டா விஷம் கறுத்துடும்னு எங்க ஆத்தா சொல்லும். அது சரியாம்மா?

இரவுப்பணி:
சரியில்லை ஐயா. அமானிடா நஞ்சு வெள்ளியைக் கறுக்கவைக்காது. அணில் கடித்திருந்தால் நல்லது என்பதும் தவறு. காளான் தின்று சந்தேகம் வந்தால் வாந்தி வரும்வரை காத்திருக்கக் கூடாது. மிச்சக் காளானைக் காகிதத்தில் சுற்றிக் கையோடு எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சோலைவாசி:
மாமாவுக்குக் கொடுப்பதை நேற்றே நிறுத்திவிட்டேன். டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லச் சொன்னேன். அவர் மூன்று மாதமாகச் சாயங்காலம் நடக்கவும் செய்கிறார் என்று என் மனைவி ஞாபகப்படுத்தினாள். சர்க்கரை இறங்கியதற்கு அதுதான் காரணமோ என்னவோ. நான் குடிப்பதை விடவில்லை. எனக்கு ஒரு கெடுதலும் தெரியவில்லை.

காட்டு நடையையும் விட மனசு வரவில்லை. பறிக்காமல் பார்த்துவிட்டு மட்டும் வரலாமே? தேன்கூடு, நீங்களும் பாட்டியும் முன்னால் நடந்தால் நான் பின்னால் வருகிறேன். நாள்கூலி எவ்வளவென்று நீங்களே சொல்லுங்கள்.

இரவுப்பணி:
கெடுதல் தெரியவில்லை என்பது எனக்குப் போதாது அண்ணா. கல்லீரல் பரிசோதனை எடுத்துவிட்டு எண்களை இங்கே போடுங்கள்.

தேன்கூடு:
கிராம சபையில் கேட்காமல் நான் வரமுடியாது. பாட்டியிடம் மட்டும் கேட்டேன். "பத்துப் பேரா? புற்றை மிதிச்சிடுவாங்க, அடுத்த மழைக்கு அங்க ஒண்ணும் முளைக்காது. ரெண்டு பேருன்னா வரச்சொல்லு" என்றாள். கூலியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, பை கொண்டுவரக் கூடாது என்றாள்.