டைம்ஷிஃப்ட் கேம் ஏன் ரெண்டு தடவை செஞ்ச மாதிரி இருக்கு?

மழைக்காகம்:
டைம்ஷிஃப்ட் விளையாடினவங்க யாராவது இருக்கீங்களா? 2007-ல வந்த ஷூட்டர், அதாவது துப்பாக்கி சண்டை கேம், இதுல நாம டைமை ஸ்லோ பண்ணலாம், நிறுத்தலாம், ரிவர்ஸ்ல ஓட்டலாம். சேபர் இன்டராக்டிவ் பண்ணது, சியாரா பேர்ல வந்துச்சு. நான் இப்பதான் முடிச்சேன். சண்டை அவ்ளோ நல்லா இருக்கு, மழை பெய்யுற தெருவுல டைமை நிறுத்தினா துளியெல்லாம் அந்தரத்துல அப்படியே நிக்குது, எதிரி கையில இருக்கற துப்பாக்கிய பிடுங்கிட்டு டைமை ஓட விட்டா அவன் வெறுங்கையோட திகைச்சுப் போயிடறான், இதுக்காகவே இன்னொரு தடவை விளையாடலாம். ஆனா கதை மனசுல ஒட்டவே இல்ல. ஹீரோவுக்கு பேரே கிடையாது, வாயும் திறக்க மாட்டான், நடுநடுவுல ஒரு லேப் காட்சி பளிச்னு வந்து போகுது, அதுல வர்ற பொண்ணு யாரு, வில்லன் க்ரோன் ஏன் இப்படி ஆனான்னு யோசிக்கறதுக்குள்ள அடுத்த சண்டை. அப்புறம் யூட்யூப்ல ஒரு பழைய ட்ரெய்லர் கண்ணுல பட்டுச்சு, அதுல ஆளு வேற, டிரஸ் வேற, ஊரே வேற மாதிரி இருக்கு. ரெண்டும் ஒரே கேம்தானா? நடுவுல என்ன ஆச்சு?

பழையசிடி:
ஒரே கேம்தான் ப்ரோ. முதல்ல இதுக்கு பப்ளிஷர் அட்டாரி. அப்போ ஹீரோவுக்கு பேரு இருந்துச்சு, கர்னல் மைக்கேல் ஸ்விஃப்ட், அவனுக்கு குரல் குடுக்க ஹாலிவுட் நடிகர் டென்னிஸ் குவெய்டையே புக் பண்ணியிருந்தாங்க. லுக்கும் ஸ்டீம்பங்க் வாடை அடிக்கிற மாதிரி, பித்தளை, கண்ணாடி, பழைய காலத்து மெஷினுங்கன்னு போகும். டெமோ கூட வந்துடுச்சு. ஆனா அந்த சமயத்துல அட்டாரி கையில காசு இல்ல, 2006-ல ட்ரைவர்ங்கற கார் கேம் சீரிஸையே யூபிசாஃப்டுங்கற இன்னொரு கம்பெனிக்கு வித்தாங்க, அதே வருஷம் டைம்ஷிஃப்டும் விவெண்டி கைக்கு போச்சு, சியாரா விவெண்டியோட லேபிள்தான். வாங்கினவங்க இருக்கறத அப்படியே கடைக்கு அனுப்பல, ஒரு வருஷத்துக்கு மேல தள்ளிப் போட்டு கிராஃபிக்ஸ், ஹீரோ, கதை, லெவல்னு எல்லாத்தயும் கிளறிட்டாங்க. பழைய எக்ஸ்பாக்ஸுக்கு வர வேண்டிய வெர்ஷன் அப்படியே கைவிடப்பட்டுச்சு, பதிலுக்கு பிஎஸ்3 வெர்ஷன் வந்துச்சு.

நீங்க கதை ஒட்டலன்னு சொல்றீங்கல்ல, அதுக்கு காரணம் இதுதான்னு நான் நினைக்கிறேன். ஸ்விஃப்ட்ட எடுத்துட்டு அந்த இடத்துல பேசாத ஒரு விஞ்ஞானிய வெச்சாங்க. வில்லன் டாக்டர் ஏடன் க்ரோன் காலத்துல பயணம் பண்ண வைக்கிற ஆல்ஃபா சூட்ட திருடிட்டு பழைய காலத்துக்கு போய் சரித்திரத்தையே மாத்தி சர்வாதிகாரியா உக்காந்துட்டான், நம்மாளு பீட்டா சூட்ட மாட்டிகிட்டு பின்னாடியே போறான், ஐடியா பிரமாதம். ஆனா மாறிப்போன உலகத்த பாத்து ஒரு வார்த்தை பேசறதுக்கு ஆள் இல்லையே, நமக்கு மட்டும் எங்க இருந்து வலிக்கும்? பேரோட குரலோட இருந்த ஒருத்தன அழிச்சதுதான் இந்த கேமுக்கு நடந்த பெரிய நஷ்டம்.

ஃப்ரேம்ரேட்:
பழையசிடி சொன்ன வரலாறு சரி, முடிவுல எனக்கு உடன்பாடு இல்ல. அந்த எக்ஸ்ட்ரா வருஷம்தான் இந்த கேம காப்பாத்துச்சு. நான் பழைய டெமோவும் விளையாடியிருக்கேன், ஷூட்டிங் ரொம்ப சாதாரணம், எதிரிங்க மந்தமா நிப்பாங்க. ரிலீஸ் ஆனதுல ஒரு பட்டன தட்டினா போதும், ஸ்லோவா ஸ்டாப்பா ரிவர்ஸான்னு அந்த இடத்துக்கு எது பொருந்துமோ அத சூட்டே தேர்ந்தெடுக்கும், வேணும்னா நாமளே மாத்திக்கலாம். சண்டைக்கு நடுவுல யோசிச்சு நிக்காம கை தன்னால ஓடும்.

ரிவர்ஸ் எவ்ளோ கஷ்டமான வேலைன்னு யாரும் பேச மாட்டேங்கறாங்க. ஸ்லோன்னா எல்லாத்தோட வேகத்தயும் குறைச்சா பாதி வேலை முடிஞ்சுது. ரிவர்ஸுக்கு எதிரி எங்க நின்னான், எந்தப் பலகை எப்படி உடைஞ்சுது, குண்டு எந்தப் பக்கம் பறந்துதுன்னு எல்லாத்தயும் மெமரில வெச்சிருந்து பின்னாடி ஓட்டணும், ஆனா பிளேயர் மட்டும் முன்னாடி நகரணும், அதுவும் எக்ஸ்பாக்ஸ் 360-ல இருந்த 512 எம்பி ராமுக்குள்ள. மல்டிபிளேயர்ல இன்னொரு சிக்கல், ஒருத்தன் டைமை நிறுத்தினா மத்தவங்க எல்லாம் சும்மா நிக்கணுமா? அதுக்கு க்ரோனோ கிரனேடு வெச்சாங்க, அது வெடிக்கிற இடத்துல ஒரு கோளம் உருவாகும், அதுக்குள்ள மாட்டினவனுக்கு மட்டும்தான் டைம் மாறும். இவ்ளோ அழகான தீர்வ நான் வேற ஷூட்டர்ல பாத்ததில்ல.

பழையசிடி:
ஷூட்டிங் நல்லா ஆச்சுங்கறத நான் மறுக்கவே இல்ல. அதுக்கு ஸ்விஃப்ட்ட தூக்கணும்னு என்ன அவசியம்? அது என் கேள்வி.

கடைசிலெவல்:
நீங்க ரெண்டு பேரும் தேதிய விட்டுட்டீங்க. தள்ளித் தள்ளிப் போய் கடைசில அமெரிக்கால வந்தது 2007 அக்டோபர் 30. அந்த சமயத்துல பெரிய கேமுங்க வரிசையா வந்துச்சு, ஆகஸ்ட்ல பயோஷாக், செப்டம்பர்ல ஹேலோ 3, அக்டோபர் நடுவுல ஆரஞ்ச் பாக்ஸ், நவம்பர்ல கால் ஆஃப் டூட்டி 4, அப்புறம் கிரைசிஸ். அந்தக் கூட்டத்துல பேரில்லாத ஹீரோவோட, பெருசா யாருக்கும் தெரியாத ஒரு கம்பெனி கேம யார் காசு குடுத்து வாங்குவா? அட்டாரி கையில நினைச்ச நேரத்துக்கு வந்திருந்தா சுமாரான கேமா இருந்தாலும் டைமை ரிவர்ஸ் பண்ற ஷூட்டர்னு தனியா பேர் வாங்கியிருக்கும். அடுத்த வருஷமே, 2008 ஜூலைல விவெண்டியோட கேம் பிரிவு ஆக்டிவிஷனோட சேந்துடுச்சு, சியாரா லேபிளும் ஓரங்கட்டப்பட்டுச்சு. ரெண்டாம் பாகம் வரவே இல்ல.

சேபர் மட்டும் நின்னுட்டாங்க, அதுல எனக்கு ரொம்ப சந்தோஷம். 2011-ல ஹேலோ முதல் பாகத்தோட ஆனிவர்சரி எடிஷன்ல வேலை பாத்தாங்க, 2019-ல வேர்ல்ட் வார் ஸீ, 2024-ல ஸ்பேஸ் மரீன் 2. ஸ்பேஸ் மரீன் 2 விளையாடற பசங்க இவங்களோட இந்தப் பழைய கேமயும் ஒரு தடவை தொட்டுப் பாக்கணும்.

மழைக்காகம்:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். ஸ்விஃப்ட் விஷயம் தெரிஞ்சப்புறம் அந்த லேப் காட்சிங்க ஏன் அப்படி துண்டு துண்டா இருக்குன்னு இப்ப கொஞ்சம் பிடிபடுது. இதே மாதிரி டைமை வெச்சு விளையாடற ஷூட்டர் வேற ஏதாவது சொல்லுங்க, கதை கொஞ்சம் அழுத்தமா இருந்தா நல்லது.

ஃப்ரேம்ரேட்:
சிங்குலாரிட்டி போடுங்க. ரேவன் சாஃப்ட்வேர், ஆக்டிவிஷன், இதுவும் 2009-ல வர வேண்டியது, தள்ளிப் போய் 2010-லதான் வந்துச்சு. கடோர்கா-12னு ஒரு சோவியத் ஆராய்ச்சித் தீவு, 1955-க்கும் 2010-க்கும் நடுவுல போயிட்டு வருவீங்க. கையில மாட்டற கருவி உலகத்தோட டைமை ஒட்டுமொத்தமா தொடாது, ஒரு பொருளோட வயச மாத்தும், துருப்பிடிச்ச பெட்டி புதுசாகும், எதிர்ல வர்ற சிப்பாய் நிமிஷத்துல தூளா உதிர்ந்துடுவான். ஹீரோ அதுலயும் பேச மாட்டான், ஆனா நீங்க பழைய காலத்துல பண்ற ஒரு காரியத்தால நிகழ்காலமே மாறி நிக்கறத ஆரம்பத்துலயே கண்ணால பாப்பீங்க, அதனால கதை பிடிச்சு இழுக்கும். செவுத்துல இருக்கற எழுத்து, டேப் ரெக்கார்டர் எதயும் விடாதீங்க, பாதி கதை அதுலதான் இருக்கு.