மறுமொழி: மூட்டுவாதம், மூட்டழற்சி, மூட்டழல்

அன்பின் அனைவருக்கும்,

Juvenile idiopathic arthritis என்ற சிறுவர் மூட்டு நோய்க்குத் தமிழ்ப் பெயர் தேடும் எங்கள் உரையாடலுக்கு என் மறுமொழி இது.

> மூட்டுவாதம் வழக்கில் உள்ள சொல். அதையே வைத்துக்கொண்டு அடுத்த சொல்லுக்குப் போவோம்.

நானும் முதலில் அப்படித்தான் எழுதினேன். 16 வயதுக்கு முன் தொடங்கி ஆறு கிழமையாவது நீடிக்கும், காரணம் பிடிபடாத மூட்டு நோய் பற்றிப் பெற்றோருக்கு ஒரு துண்டுப்பிரசுரம். தலைப்பு 'இளம்பிள்ளை மூட்டுவாதம்'. கொக்குவிலில் பக்கத்து வீட்டுத் தாய்க்கு வாசித்துக் காட்டினேன். அவருடைய ஐந்து வயது மகள் விடிய எழும்பினால் கதிரையைப் பிடித்துத்தான் நடப்பாள். பத்து மணிக்குப் பிறகு முற்றத்தில் ஓடித் திரிவாள். தாய் தலைப்போடேயே நின்றுவிட்டார். "சொட்டு மருந்து எல்லாம் ஒழுங்காக் குடுத்தனான், பிறகேன் இது வந்தது?" இளம்பிள்ளை வாதம் என்றால் எங்கள் காதில் போலியோதான். நடுவில் 'மூட்டு' செருகி ஒரு பயனும் இல்லை.

சரி, inflammation என்பதற்கான அழற்சிக்கு மாற்றினேன். அகராதிப்படி பிழையே இல்லை. அவர் காதில் அது அலர்ஜியாக விழுந்தது. "அப்ப கத்தரிக்காய், றால் நிப்பாட்டவோ?" கிரந்திச் சாப்பாடு என்று சொல்லியே எங்கள் பிள்ளைகளின் கோப்பையிலிருந்து எவ்வளவு போகிறது! இந்த நோயே வளர்ச்சியைப் பின்தள்ளக்கூடியது. கலைச்சொல்லும் சேர்ந்து கறியைக் குறைக்க வேண்டுமா?

அதனால்தான் அழல் என்றேன்.

> வளி, அழல், ஐயம் என்னும்போது அழல் பித்தம் அல்லவா? வாதத்திலிருந்து தப்பிப் பித்தத்தில் விழுகிறீர்கள்.

ஐயா, கைதடியில் சித்த மருத்துவ வகுப்புக்குள் அது சரி. வீட்டில் பித்தத்தைப் பித்தம் என்றுதான் சொல்கிறோம். வீங்கிய முழங்காலில் புறங்கையை வைத்துப் பாருங்கள், மற்றக் காலைவிடச் சூடாக இருக்கும். சொல்லிலும் அந்தச் சூடு இருக்கிறது.

அடுத்தது, பள்ளியில் படித்த 'நிர்ப்பீடனம்', அதாவது நோயெதிர்ப்பு. அதை வைத்து இந்த மூட்டு நோயின் எல்லா வகையையும் 'தன்னிர்ப்பீடன நோய்' (நோயெதிர்ப்பே சொந்த உடலைத் தாக்கும் நோய்) என்று ஒரே சாக்கில் கட்டிவிடுகிறோம். நாள்தோறும் ஏறி இறங்கும் காய்ச்சலோடும், வந்து மறையும் தோற்புள்ளிகளோடும் உடல் முழுவதையும் பிடிக்கும் வகை அந்தச் சாக்குக்குள் அடங்காது. சிறுவர் மூட்டு நோய் வைத்தியரும் ஆய்வாளருமான வேர்ஜினியா பஸ்குவலும் குழுவினரும் 2005 இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். இந்தப் பிள்ளைகளின் குருதி நீர்ப்பாயத்தை (serum) சுகதேகிகளின் குருதிக் கலங்களோடு (செல்களோடு) சேர்த்து வைத்தபோது, அந்தக் கலங்களில் அழலைத் தூண்டும் புரதமான இன்ரலூக்கின்-1 க்குரிய மரபணு தூண்டப்பட்டது. அந்தப் புரதத்தைத் தடுக்கும் அனகின்ரா என்ற மருந்தை, மற்ற மருந்துகளுக்கு மசியாத 9 பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 7 பேருக்கு நோய் முற்றாகத் தணிந்தது. ஆக, இங்கே முதற் குற்றவாளி பிறபொருளெதிரி (antibody) அல்ல, பிறப்பிலேயே எல்லோருக்கும் உள்ள முன்வரிசைக் காவல். பரம்பரைக் காய்ச்சல்கள் சிலவற்றுக்காக 1999 இல் ஆங்கிலத்தில் உண்டான autoinflammatory என்ற தனிப்பெயர் இப்போது இதற்கும் வழங்குகிறது. தமிழில் 'தன்னழல் நோய்' என்றால் தன்னிர்ப்பீடன நோயிலிருந்து பிரிந்து நிற்கும்.

Idiopathic என்பதற்குத் 'தான்தோன்றி' வேண்டாம். பிள்ளையைப் பேசுகிற மாதிரி இருக்கிறது. 'காரணமறியா' போதும்.

ஆக என் முன்மொழிவு: காரணமறியாச் சிறுவர் மூட்டழல். பேச்சில் சிறுவர் மூட்டழல்.

ஒரு இடத்தில் மட்டும் எனக்கே இடிக்கிறது. இந்த நோய் சில பிள்ளைகளுக்குக் கண்ணுக்குள்ளும் வரும். பெரும்பாலும் சிவப்பும் இல்லை, நோவும் இல்லை. கண் வைத்தியர் கருவியால் பார்த்தால்தான் தெரியும், விட்டால் பார்வை போகலாம். அதைக் 'கண்ணழல்' என்று எழுதினால் கண் சிவக்கட்டும் என்று தாய்மார் காத்திருப்பார்கள். அதற்கு வேறு சொல் வேண்டும். பிரசுரத்தில் அந்த வரியை இப்போதைக்கு வெறுமையாக விட்டிருக்கிறேன்.