கச்சான் (நிலக்கடலை) காலத்தில் வகுப்புக்கு வராத பிள்ளைகள்: முதலில் யாரிடம் சொல்வது?

வயற்கரை:
முல்லைத்தீவுப் பக்கம் தை, மாசி வந்தால் வகுப்பில் பாதி வாங்கு வெறுமையாகிவிடும். சில பிள்ளைகள் கச்சான் புடுங்கவும் அரிவி வெட்டவும் வீட்டாரோடு போகிறார்கள். அது ஒரு பக்கம். 14 வயதுப் பெடியன் ஒருவன், ஒன்பதாம் வகுப்பு, சீமெந்துக்கல் அரிகிற இடத்தில் நாட்கூலிக்கு நிற்கிறான். தகப்பன் இல்லை. தாய்க்குக் கிழமைக்குக் கிழமை நுண்நிதிக் கடன் கட்டவேணும். வயலில் உதவுவதும் குழந்தைத் தொழிலாளர் கணக்கில் வருமா? சிறுவர் பாதுகாப்புத் தொலைபேசி 1929க்கு அடிப்பதா, பொலிசுக்குப் போவதா? தாயைப் பிடித்துவிடுவார்களோ என்பதுதான் பெரிய பயம்.

குளக்கட்டு:
முதல் கேள்விக்கு. 12 வயதான பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்து ஒரு மணித்தியாலம் கச்சான் ஆய்ந்து கொடுப்பதை யாரும் குழந்தைத் தொழில் என்று சொல்வதில்லை. சர்வதேச தொழிலாளர் அமைப்பு (ஐ.எல்.ஓ.) 12 முதல் 14 வயதுப் பிள்ளை கிழமைக்கு 14 மணித்தியாலம் அல்லது அதற்கு மேல் வேலை செய்தால் அதைக் குழந்தைத் தொழிலாகக் கணக்கெடுக்கிறது. 11 வயது வரைக்கும் கிழமைக்கு ஒரு மணித்தியாலமே போதும். 2024 மதிப்பீட்டில் உலகம் முழுக்க 13.8 கோடிப் பிள்ளைகள், அதில் 61 வீதம் விவசாயத்தில். ஆகவே "சொந்த வயல்தானே" என்று விட்டுவிடவும் ஏலாது. பூச்சி மருந்தடிக்கிற வேலை எந்த வயலிலும் பிள்ளைக்கு ஆகாது. 16 லீற்றர் தாங்கி நிரம்பினால் 20 கிலோ அளவில் வரும். உடல் எடைக்குத் தோல்பரப்பு கூட என்பதால் பிள்ளையின் உடம்பில் நஞ்சும் கூட ஏறும்.

இலங்கையில் வேலைக்கான குறைந்த வயது 2021இல் 14இலிருந்து 16 ஆனது. கட்டாயக் கல்வி 2016இலிருந்து 5 முதல் 16 வயது வரை. ஆபத்தான வேலைகள் 18 வரைக்கும் தடை. அந்தப் பெடியன் நிற்பது சட்டப்படி பிழையான இடம். தாய் சம்மதித்தாலும் முதலாளி தப்பேலாது.

பாலைமரம்:
ஒழுங்குதான் முக்கியம். எடுத்த எடுப்பில் பொலிசைக் கூட்டிக்கொண்டு போனால் முதலாளி அன்று பின்னேரமே பெடியனை அனுப்பிவிடுவார். அடுத்த கிழமை அவன் வவுனியாவில் கராஜ் ஒன்றிலோ சாப்பாட்டுக் கடையிலோ நிற்பான். கடன் அப்படியே இருக்கிறதல்லவா.

முதலில் வரவுப் பதிவேட்டிலிருந்து வராத நாட்களைத் திகதியோடு எழுதி எடுங்கள். அனுமதிப் பதிவேட்டில் உள்ள பிறந்த திகதியையும் குறியுங்கள், "18 முடிஞ்சுது" என்று முதலாளி சொல்லும் கதைக்கு அதுதான் பதில். பிறகு பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடம் எழுத்தில் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். வாயால் சொன்னது அடுத்த மாதம் இருக்காது. அதே நாள் கிராம அலுவலரிடம் அஸ்வெசும (அரச நலன்புரி உதவிப் பணம்) பதிவு தாய்க்கு இருக்கிறதா என்று கேளுங்கள். விண்ணப்பமே போடாத தாய்மார், மேன்முறையீட்டுத் திகதியைத் தவறவிட்டவர்கள் கனபேர். விசாரிக்க வீட்டுக்குப் போகிறவர் சீருடை போடாத ஆளாக இருக்கட்டும், தாயோடு தனியாகக் கதைக்கட்டும்.

பிள்ளை பள்ளிக்கூடம் வரத் தொடங்கியதும் தொழில் திணைக்களத்துக்கு முறைப்பாடு. வேலை செய்த நாட்கள், கூலி, நிலுவை எல்லாம் அதில் இருக்கவேணும். கொடுக்காத கூலியை விட்டுக்கொடுக்கத் தேவையில்லை.

ஆனால் அடி, பூட்டி வைப்பது, இராவில் அங்கேயே படுக்கவைப்பது, பாலியல் தொந்தரவு என்று ஏதாவது தெரிந்தால் இந்த ஒழுங்கு ஒன்றும் வேண்டாம். உடனே 1929. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம், இலவசம், தமிழிலும் கதைக்கலாம். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதி வையுங்கள், அது இல்லாமல் பின்தொடர்வது கஷ்டம்.

வயற்கரை:
நன்றி. திரும்பி வந்தாலும் மூன்று மாதப் பாடம் போய்விட்டதே, வகுப்பில் இருப்பானா?

பாலைமரம்:
பெரும்பாலும் அங்கேதான் உடைகிறது. கணக்கு விளங்காமல் இரண்டு கிழமை இருந்துவிட்டு, கையில் காசு இருந்த நாளை நினைத்துத் திரும்பப் போவார்கள். முதல் மாதம் கணிதத்துக்கும் தமிழுக்கும் மட்டும் பரிகாரக் கற்பித்தல் போதும், எல்லாப் பாடத்தையும் ஒன்றாய்த் திணிக்கவேண்டாம். எல்லார் முன்னும் "கல்லரியப் போனவன்" என்று ஒரு சொல் விழுந்தால் அவ்வளவுதான், மற்றப் பாட ஆசிரியர்களிடமும் முன்கூட்டிச் சொல்லிவையுங்கள். வாசிக்கவே தடுமாறினால் வலயக் கல்வி அலுவலகத்தில் முறைசாராக் கல்விப் பிரிவைக் கேளுங்கள். கைத்தொழில்தான் ஆசை என்றால், கிளிநொச்சி அறிவியல்நகரில் இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது என்பதை இப்போதே காட்டிவையுங்கள்.

ஆனையிறவுக் காற்று:
ஒன்று விடுபட்டுவிட்டது. கச்சான் முடிந்த கையோடு சில பிள்ளைகள் பழைய இரும்பு பொறுக்கப் பற்றைக்குள் இறங்குகிறார்கள். வன்னியில் கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை. துருப்பிடித்த ஷெல்லும் வெடிக்கும், சுத்தியலால் தட்டிப் பித்தளை கழற்றுவதுதான் மிக மோசம். சிவப்பு மண்டையோட்டுப் பலகை இல்லாத இடமும் சுத்தம் என்று அர்த்தமில்லை. கண்டால் தொடாமல், வந்த தடத்திலேயே திரும்பி, இடத்தைக் கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ சொல்லச் சொல்லுங்கள். நிறுத்துக் காசு கொடுக்கிற கடைக்காரரிடமும் பிள்ளைகள் கொண்டுவருவதை வாங்கவேண்டாம் என்று ஊர்ச்சங்கம் நேரில் போய்ச் சொல்லவேணும். வாங்க ஆளில்லாவிட்டால் பற்றைக்குள் இறங்குவது குறையும்.